ரெண்டே ரெண்டு ஸ்டாப் இருக்குற ஏரியாவுல போக்கிமான் கோ: ஒன்றரை வருஷம் ஆடினவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது மயிலாப்பூர்லயோ பெசன்ட் நகர்லயோ இருந்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல. எங்க வீடு கீழ்க்கட்டளை பக்கம், மெயின் ரோட்டுலேர்ந்து நல்லா உள்ள தள்ளி, ஒரு நாள் மழைக்கு மூணு நாள் தெருவுல தண்ணி நிக்கும், அப்படி ஒரு ஏரியா. யூட்யூப்ல பார்த்தா ஒருத்தர் டோக்கியோவுல ஆடுறாரு, இன்னொருத்தர் ஏதோ பெரிய பார்க்ல நூறு பேர் நடுவுல நின்னுகிட்டு ஆடுறாரு, அதைப் பார்த்துட்டு ஆசையா டவுன்லோட் பண்ணி, மேப் தொறந்தா சுத்தி வெறும் பச்சைக் கட்டாந்தரை, சரிதான்னு ரெண்டாவது நாளே அழிச்சவங்க எங்க குடும்பத்துலயே மூணு பேர் இருக்காங்க. நான் அழிக்கல. அதனால எழுதுறேன்.

மார்க் இப்பவே வேணும்னா 5-க்கு 3. சாந்தோம் பக்கம் வீடா, 4 போட்டுக்கோங்க. ஏரியாவை வெச்சு மார்க் மாறுதேன்னா, ஆமா, மாறும், இந்த கேமே அப்படித்தான்.

ஆட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணினா உங்க தெரு அப்படியே மேப்பா வரும், நீங்க நடந்தா அதுல உள்ள பொம்மையும் நடக்கும், வழியில போக்கிமான்ங்கற கார்ட்டூன் பிராணிங்க எட்டிப் பார்க்கும், பந்தை விரலால தள்ளி விட்டுப் பிடிக்கணும். பந்து எங்க கிடைக்கும்னா போக்கிஸ்டாப்ல. அது நிஜத்துல இருக்குற ஒரு கோவிலோ, சிலையோ, பார்க்கோ, அதுகிட்ட போய் நின்னு ஒரு சுத்து சுத்தினா நாலஞ்சு பந்து, அதிர்ஷ்டம் இருந்தா ஒரு முட்டை. அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப சுத்தலாம். கேமரா வழியா உங்க வீட்டு மொட்டை மாடியில பிக்காச்சு நிக்கிற மாதிரி பார்க்குற அந்த ஏஆர் சமாச்சாரம் இருக்கே, அதை முதல் வாரம் எல்லாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பாங்க, அப்புறம் ஆஃப் பண்ணிடுவாங்க. பேட்டரி குடிக்குது, பந்தும் நேரா போகாது. ஏஆர் கேம்னு பேரு, ஆனா ஏஆர் ஆன் பண்ணி ஆடுற ஆளை நான் இன்னும் பார்க்கல.

சரி, எங்க ஏரியாவுல ஏன் ஸ்டாப் இல்ல? இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. இந்த கேமை செஞ்ச நியான்டிக், 2012-லயே இன்க்ரெஸ்னு இன்னொரு கேம் விட்டாங்க, அப்ப அது கூகுளுக்குள்ள இருந்த டீம். அந்த கேமை ஆடினவங்க அவங்கவங்க ஊர்ல இருந்த கோவில், சர்ச், சிலைன்னு போட்டோ எடுத்து அனுப்ப அனுப்ப அது ஒரு பெரிய லிஸ்ட் ஆச்சு, 2016 ஜூலையில போக்கிமான் கோ வந்தப்ப அந்த லிஸ்ட்டையே தூக்கி ஸ்டாப்பா வெச்சுட்டாங்க. அப்ப எந்தத் தெருவுல இன்க்ரெஸ் ஆடுற பையன் ஒருத்தன் குடியிருந்தானோ அந்தத் தெரு கேம்ல பணக்காரத் தெரு. எங்க பக்கம் ஒருத்தரும் ஆடல போல. சென்னைக்குள்ளயே பார்த்தீங்கன்னா, மயிலாப்பூர் கோவில் குளத்தை சுத்தி நாலு மாட வீதியிலயும் திரும்பின பக்கமெல்லாம் ஸ்டாப் நீலமா சுத்திகிட்டு இருக்கும், எங்க வீட்டுலேர்ந்து பார்த்தா கொஞ்சம் தள்ளி ஒரு சர்ச், அதுக்கு எதிர்த்திசையில ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு அம்மன் கோவில், அவ்வளவுதான். இந்தியாவுக்கு இந்த கேம் முறையா வந்தது 2016 டிசம்பர்ல, ஜியோ கூட சேர்ந்து விட்டாங்க, ஜியோ கடைங்க எல்லாம் ஸ்டாப் ஆச்சு. நான் ஆரம்பிச்சது அதுக்கெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு.

ஸ்டாப் இல்லன்னா பந்து இல்ல. பந்து இல்லன்னா என்ன பண்றது, எதிர்ல நல்ல போக்கிமான் நிக்கும், கையில பந்து பூஜ்யம், பார்த்துட்டு சும்மா வரணும், ரேஷன் கடையில போய் நின்னப்புறம் பாமாயில் தீர்ந்துடுச்சுன்னு சொல்றா மாதிரி இருக்கும். முதல் ரெண்டு மாசம் இதுதான் கதை. இதுக்கு ஒரு வழி இருக்கு, கிஃப்ட். கேம்ல ஃப்ரெண்ட் சேர்த்துக்கிட்டா அவங்க சுத்துற ஸ்டாப்லேர்ந்து உங்களுக்கு ஒரு பார்சல் அனுப்பலாம், அதுல பந்து இருக்கும், கூடவே அந்த ஸ்டாப் போட்டோ ஒரு தபால் கார்டு மாதிரி வரும். முகம் தெரியாத யார் யாரோ ஜப்பான்லேர்ந்தும் பிரேசில்லேர்ந்தும் தினமும் எனக்கு பந்து அனுப்பித்தான் நான் ஆடிட்டு இருக்கேன். ஸ்டாப் கம்மியா இருக்குற ஊர்க்காரங்க முதல் நாளே பத்து பதினஞ்சு பேரை ஃப்ரெண்டா சேர்த்துக்கோங்க, இந்த ரிவ்யூவுல உருப்படியான யோசனை இது ஒண்ணுதான்னு கூட சொல்லலாம்.

நம்ம பக்கம் என்ன ஸ்பெஷல்னு கேட்டீங்கன்னா, டார்க்கோல். முதுகுல கரி அடுப்பு வெச்ச ஆமை. அது இந்தியா மாதிரி சில இடத்துலதான் கிடைக்கும், அமெரிக்காக்காரங்களுக்கு அது கிடைக்காத பொருள். எங்களுக்கு அது காக்கா மாதிரி, பால் வாங்கப் போனா ரெண்டு நிக்கும்.

இப்ப நாமினேஷன் கதை. லெவல் ஏறினப்புறம் நாமளே நம்ம ஏரியாவுல ஸ்டாப் வைக்கச் சொல்லி அனுப்பலாம், அந்த லெவல் வர்றதுக்கே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு போட்டோ வேணும், ஒண்ணு அந்த இடம், இன்னொண்ணு அது எங்க இருக்குன்னு சுத்துப்புறத்தோட. பேரு, நாலு வரி விவரம். அதைப் பார்த்து சரின்னு சொல்றது மத்த பிளேயர்ஸ்தான். எங்க தெரு முனை பிள்ளையாரை முதல்ல அனுப்பினேன், ரிஜெக்ட். என்னடான்னு பார்த்தா போட்டோவுல என் ஸ்கூட்டி நம்பர் பிளேட் தெரியுது. வண்டி நம்பர், ஆள் முகம் எதுவும் இருக்கக் கூடாதாம். சரின்னு காலையில ஆறு மணிக்கு யாரும் இல்லாத நேரமா போய் எடுத்தா, அன்னைக்குன்னு பார்த்து பிள்ளையார் எதிர்லயே ஒருத்தர் கண்ணை மூடிட்டு நிக்கிறாரு, தோப்புக்கரணம் போடுறாரு, போட்டுட்டே இருக்காரு, நான் போனைத் தூக்கிப் பிடிச்சுகிட்டு பின்னாடி நிக்கிறேன், அவரு திரும்பிப் பார்த்து, "நான் தள்ளிக்கவாம்மா?"ன்னு கேட்டாரு பாருங்க, சாமி கும்பிடுறவரை கேமுக்காக தள்ளி நிக்க வெச்ச பாவம் என்னைச் சேரும்.

அதுக்கப்புறம் தண்ணி டேங்க் அனுப்பினேன், ரிஜெக்ட், பார்த்தா எல்லா ஊர்லயும் இருக்குற டேங்க் மாதிரிதானே இருக்கு, நியாயம்தான். ஒரு ஸ்கூல் வாசல்ல அழகான காமராஜர் சிலை இருக்கு, அதுவும் முடியாது, ஸ்கூல் வளாகத்துல ஸ்டாப் வைக்கக் கூடாதுன்னு ரூல். நல்ல ரூல், கண்ட ஆளும் ஸ்கூல் காம்பவுண்ட்ல போய் நிக்கக் கூடாதுல்ல. மாநகராட்சி பார்க்ல சிமென்ட் பாதையும் உடற்பயிற்சி மெஷினும் இருக்கு, அது பாஸ். பக்கத்துலயே கிளை நூலகம், அதுவும் பாஸ் ஆச்சு, ஆனா கேம்ல வரவே இல்ல. தேடிப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது, மேப்பை சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு வெச்சிருக்காங்க, எழுபது எண்பது மீட்டர் அகலம் ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்டாப்தான். பார்க் முந்திக்கிச்சு, நூலகம் போச்சு. முந்தியே தெரிஞ்சிருந்தா நான் நூலகத்தைத்தான் அனுப்பியிருப்பேன், இப்ப வருத்தப்பட்டு என்ன.

பிள்ளையார் மூணாவது தடவை பாஸ் ஆனாரு, முதல் தடவை அனுப்பினதுலேர்ந்து நாலு மாசம். அன்னைக்கு சாயந்திரம் போய் முதல் ஆளா சுத்தினேன். அவரைத்தான் இப்ப தினமும் ஜப்பானுக்கும் பிரேசிலுக்கும் கிஃப்ட்ல அனுப்பிட்டு இருக்கேன், அருகம்புல் மாலையோட.

இன்னொரு விஷயம், ஆம்பளைங்க யாரும் ரிவ்யூல எழுத மாட்டாங்க. தெருவுல ஒரு பொம்பளை சும்மா நிக்க முடியாது. போனைப் பார்த்துகிட்டு ஒரு இடத்துல மூணு நிமிஷம் நின்னா யாராச்சும் ஒருத்தர் வந்து, "யாரும்மா வேணும்?"னு கேப்பாங்க. நல்ல மனசோடதான் கேக்குறாங்க, ஆனா பதில் சொல்லணும்ல. சர்ச் வாட்ச்மேன் அண்ணன் என்னை ஒரு வாரம் கவனிச்சுட்டு, எட்டாவது நாள், "டெய்லி வந்து கேட்டைப் பார்த்துட்டு போறீங்களே, உள்ள வாங்கம்மா, ஃபாதர் இருக்காரு"ன்னாரு. எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, அவங்க கணக்கு வேற. தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு மருமக போனோட வெளிய போறா, சிரிச்சுகிட்டே வர்றா. ஒரு நாள் நேராவே கேட்டுட்டாங்க. காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துட்டு, "அந்த ஆமையை ஏன் விட்டுட்டே, பாவம் அது நின்னுகிட்டே இருக்கு"ன்னாங்க. இப்ப சாயந்திரம் வாக்கிங்ல ரெண்டு பேர்.

பயம்னு எனக்கு இருக்கறது வேற ரெண்டு. ஒண்ணு தெரு நாய், ரெண்டு பைக்ல வந்து போனைப் பிடுங்கிட்டுப் போறது. அதனால மெயின் ரோட்டுல நான் போனை வெளியவே எடுக்கறதில்ல. தேவையும் இல்ல, அட்வென்சர் சிங்க்னு ஒண்ணு 2018-லேர்ந்து இருக்கு, கேம் மூடியிருந்தாலும் நடந்த தூரத்தை போன் எண்ணி வெச்சுக்கும், வீட்டுக்கு வந்து தொறந்தா முட்டை பொரியும். வாரத்துக்கு 25 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர்னு பரிசு, திங்கட்கிழமை காலையில 9 மணிக்கு கணக்கு முடியும். ஞாயித்துக்கிழமை ராத்திரி 23.4-னு காட்டினா என்ன பண்ணுவேன்னு நினைக்கிறீங்க, மொட்டை மாடியில சுத்துவேன். வண்டியில போனா கணக்கு சேராது, வேகம் கண்டுபிடிச்சிடும், நீங்க ஓட்டுறீங்களா உக்காந்து வர்றீங்களான்னு கேக்கும். ஷேர் ஆட்டோ டிராஃபிக்ல ஊர்ந்தா மட்டும் நடக்கறோம்னு நினைச்சுக்கும், அது நம்ம ஊர் போனஸ்.

மேப்பைப் பத்தி ஒரு வார்த்தை. 2017 டிசம்பர்லேர்ந்து இது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வெச்சு ஓடுது, யார் வேணா வரையலாம்ங்கற மேப். எங்க ஏரியை அழகா நீலமா காட்டுது, நிஜத்துல பாதி ஆகாயத்தாமரை. ரோட்டை நேர்க்கோடா காட்டுது, நிஜத்துல நீல தகரத் தடுப்பு, பள்ளம், அதைச் சுத்தி ஒரு சந்து, அந்த சந்துல ஒரு பசு. நடக்கச் சொல்ற கேம், நடைபாதைன்னு ஒண்ணு உண்டுங்கற நம்பிக்கையில செஞ்சது. நாம அதுல ஆடுறோம்.

மாசத்துக்கு ஒரு நாள் கம்யூனிட்டி டே வரும், ஒரே போக்கிமான் ஊர் பூரா கொட்டும், கலர் மாறின ஷைனி கிடைக்க நல்ல வாய்ப்பு. நேரம் என்ன தெரியுமா, மத்தியானம் 2 மணிலேர்ந்து 5 மணி. மே மாசத்துல. சென்னையில. இதுக்கு என் மார்க் பூஜ்யம். போன் சூடாகி தானே ஸ்கிரீனை இருட்டாக்கிக்கும், அதுக்கு இருக்குற அறிவு எனக்கு இல்ல, நான் மட்டும் துப்பட்டாவைத் தலையில போட்டுகிட்டு நிப்பேன். புதன்கிழமை சாயந்திரம் 6-லேர்ந்து 7 ரெய்டு அவர், பல பேர் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானை அடிக்கிறதுதான் ரெய்டு, அது நல்ல நேரம், ஆனா பெரிய ரெய்டுக்கு கூட நாலஞ்சு பேர் வேணும், எங்க ஏரியாவுல அதுக்கு ஆள் ஏது. வீட்டுலேர்ந்தே சேர ரிமோட் பாஸ் உண்டு, 2020 லாக்டவுன் சமயத்துல வந்தது, 100 காயின் (கேம் காசு) இருந்ததை 2023 ஏப்ரல்ல 195 ஆக்கி, ஒரு நாளைக்கு இத்தனைதான்னு அளவும் வெச்சுட்டாங்க. வெளிய வந்து சேர்ந்து ஆடுங்கன்னு காரணம் சொன்னாங்க. வெளிய வந்தா சேர ஆள் இருக்குற ஊருக்கு அது சரி.

நான் காசு போடறதில்ல. போடாமலே ஆடலாம், அது பெரிய ப்ளஸ். கேம் பை நிறைஞ்சு போறப்ப காசு போட கை ஊறும், பழைய மருந்தையும் பழத்தையும் அழிச்சா இடம் வந்துடும்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நிஜமா ஆடணும்னு தோணினா வேளச்சேரி போய் பறக்கும் ரயில் ஏறிடுவேன். ரயில் ஸ்டேஷன்ல நிக்கிறப்ப ஜன்னல் பக்கம் இருந்தா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஏதாச்சும் சுத்தலாம். கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்கி, மெரினா ஓரமா உழைப்பாளர் சிலை வரைக்கும் நடை. இந்த ஒரு நடைக்காகவே கேமுக்கு ஒரு மார்க் கூட போடலாம். 1968-ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு வெச்ச சிலைங்க வரிசையா நிக்கும், வள்ளுவர், ஔவையார், கம்பர், கால்டுவெல், போப், வீரமாமுனிவர்னு, சின்ன வயசுலேர்ந்து பஸ் ஜன்னல் வழியா எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஒண்ணு கூட கிட்டப் போய் பார்த்ததில்ல. பந்துக்காக நின்னு சுத்தப் போய், பீடத்துல எழுதியிருக்கறதைப் படிச்சு, திருக்குறளை இங்கிலீஷ்ல கொண்டு போனவர் இவர்தானான்னு நின்னு பார்த்துட்டு நகர்றேன். கண்ணகி சிலையை 2001-ல எடுத்துட்டு 2006-ல திரும்ப கொண்டு வந்து வெச்சாங்களே, அதை அத்தைதான் ஞாபகப்படுத்தினாங்க, அவங்களும் வந்திருந்தாங்க அன்னைக்கு, சுண்டல் வாங்கிக் கொடுத்து உக்கார வெச்சுட்டு நான் சுத்திட்டு இருந்தேன். ஒரே நடையில அறுபது பந்து. எங்க ஏரியாவுல அது ஒரு வாரத்துக் கணக்கு.

பங்குனியில அறுபத்து மூவர் அன்னைக்கு மயிலாப்பூர் போய் ஆடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அவ்வளவு கூட்டத்துல எந்த நெட்வொர்க்கும் வேலை செய்யாது, மேப் உறைஞ்சு நிக்கும். போனைப் பையில போட்டுட்டு ஊர்வலத்தைப் பாருங்க.

கம்பெனி விஷயம். 2025-ல இந்த கேமை ஸ்கோப்லின்னு ஒரு கம்பெனி வாங்கிடுச்சு, அது சவுதிக்காரங்க பணத்துல நடக்குறது. மேப், ஸ்கேன் வேலையெல்லாம் பண்ணின பகுதி நியான்டிக் ஸ்பேஷியல்னு தனியா போயிடுச்சு. கேம்ல ஒரு டாஸ்க் வரும், ஸ்டாப்பைச் சுத்தி நடந்து கேமராவுல ஸ்கேன் பண்ணி அனுப்புன்னு. அந்த மாதிரி ஸ்கேனை வெச்சு உலகத்தையே மெஷினுக்குப் புரிய வைக்கிற மாடல் கட்டுறோம்னு 2024-ல அவங்களே சொன்னாங்க. நான் அந்த டாஸ்க்கைத் தொடறதில்ல. ரெண்டு பந்துக்கு எங்க தெருவை வீடியோ எடுத்துக் கொடுக்க நான் தயாரில்ல, நீங்க உங்க இஷ்டம்.

இதே மாதிரி வேற கேம் ஆடலாமான்னு கேப்பீங்க. ஹாரி பாட்டர் ஒண்ணு 2019-ல வந்து 2022 ஜனவரியோட மூடிட்டாங்க, மைன்கிராஃப்ட் எர்த் 2021-ல மூடிட்டாங்க. மான்ஸ்டர் ஹன்டர் நவ் நல்லா இருக்கு, ஆனா சண்டை போட ரெண்டு கையும் கண்ணும் வேணும், தெருவுல அது வேண்டாம். பிக்மின் ப்ளூம் நடக்க மட்டும் வேணும்ங்கறவங்களுக்கு, அத்தைக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கேன், நடந்த வழியெல்லாம் பூ முளைக்குது, அவங்களுக்கு அது போதும்.

கடைசியா ஒண்ணு, இதுதான் இப்ப ஓடிட்டு இருக்கு. முன்ன சொன்ன சின்னக் கட்டங்க பல சேர்ந்தா ஒரு பெரிய கட்டம், பிள்ளையார் ஸ்டாப் வந்தப்ப எங்க பெரிய கட்டத்துல ரெண்டு ஸ்டாப் ஆயிடுச்சா, ரெண்டு ஆனா ஒண்ணு ஜிம்மா, அதாவது டீமுக்கு டீம் சண்டை போட்டுப் பிடிக்கிற இடமா மாறும்ங்கறது கணக்கு, சர்ச் ஜிம்மா மாறிடுச்சு. ஜிம்ல நம்ம போக்கிமானை நிறுத்தினா பத்து நிமிஷத்துக்கு ஒரு காயின், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50, அதாவது எட்டு மணி நேரம் இருபது நிமிஷம் நின்னா போதும். ஆனா யாராச்சும் அடிச்சு வெளிய தள்ளினாத்தான் காயின் கையில வரும். தள்ள ஆளே இல்லாத ஏரியா, என் ஸ்னோர்லாக்ஸ் அங்கயே வயசாகி நிக்கப் போகுதுன்னுதான் நினைச்சேன். மூணாவது நாள் வந்துடுச்சு. அடிச்சது நீல டீம், நான் சிவப்பு. மறுநாள் காலையில 6 மணிக்கு நான் திரும்ப வெச்சேன், மத்தியானம் 2.30-க்கு வந்துடுச்சு, சரியா 50 காயினோட. அடுத்த நாளும் 2.30. அதுக்கடுத்த நாளும். எட்டு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகற வரைக்கும் காத்திருந்து அடிக்கிறாங்க யாரோ. நானும் இப்ப கணக்கு வெச்சு அவங்களோடதை ராத்திரி பதினொன்றரைக்குத் தள்ளி விடுறேன், வீட்டுலேர்ந்து பத்து அடி நடந்தா அந்த மூலையிலேர்ந்து ஜிம் எட்டுது.

யாருன்னு தெரியல. கேம்ல பேசுறதுக்கு வசதி இல்ல, வெறும் பேரு மட்டும் தெரியும். மெடிக்கல் ஷாப் பையனைக் கேட்டேன், "அப்படின்னா என்னக்கா?"ன்னான். பேரோட கடைசியில 1958-னு இருக்கு. அது பிறந்த வருஷமா இருந்தா, காலையில பார்க்ல குரங்கு குல்லா போட்டுகிட்டு நடக்குற ஏழெட்டு பேர்ல ஒருத்தர். நாளைக்கு ஒவ்வொருத்தர் போனையும் எட்டிப் பார்க்கப் போறேன், அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.